அரசாங்கக் கட்டுமானக் குத்தகைகளில் பயிலுநர் நிபந்தனை: சைட்டில் எப்படிப் பிடிப்பது?

நிபோங்_கியூஎஸ்:
பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அரசாங்கக் கட்டுமான வேலைகளில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

டெண்டர் ஆவணத்தில் “குத்தகையாளர் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிலுநர் வாய்ப்பு வழங்க வேண்டும்” என்று ஒரு வரி போட்டுவிடுவதால் சைட்டில் எதுவும் மாறாது. எத்தனை பேர், எந்தத் தொழில், எத்தனை மணி நேரம், யார் சரிபார்ப்பது, செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்த ஐந்துக்கும் ஆவணத்திலேயே பதில் இல்லையென்றால் எஸ்.ஓ. (அரசுத் தரப்பில் வேலையை மேற்பார்க்கும் அதிகாரி) கையில் பிடி எதுவும் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டின் 520ஆவது சட்டம், அதாவது சிஐடிபி (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) சட்டம், திறன் தொழிலாளி சான்று பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சான்றை இனிமேல்தான் வாங்கப்போகும் பையனையோ பெண்ணையோ யாராவது எடுத்துப் பழக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும் குத்தகைக்கு சிஐடிபிக்கு 0.125% லெவி (கட்டாய வரி) கட்டுகிறோம். லெவி கட்டியாகிவிட்டது, பயிற்சிக்கான பங்கு முடிந்தது என்று பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். பயிற்சி நிலையத்தில் மட்டும் படித்து வயரிங் வராது. அடுத்த மாடியில் கான்கிரீட் ஊற்றும் நாள் நெருங்கும்போது, ஸ்லாப் கம்பிகளுக்கு நடுவே காண்டுயிட் (வயர் போகும் குழாய்) போடப் பழகினால்தான் வரும்.

குத்தகை ஆவணத்தில் என்ன எழுதினால் வேலைக்காகும்? அதுதான் என் கேள்வி.

பிரிக்ஃபீல்ட்ஸ்_எஸ்டிமேட்டர்:
இதைச் சட்டமாகவே எழுதி நடத்துகிற இடம் கலிஃபோர்னியா. அவர்களுடைய தொழிலாளர் சட்டத் தொகுப்பின் 1777.5ஆம் பிரிவைப் பாருங்கள். நமக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் அமைப்பு படிக்கத் தக்கது.

அரசுப் பணியில் தேர்ந்த தொழிலாளி செய்யும் ஒவ்வொரு 5 மணி நேரத்துக்கும் குறைந்தது 1 மணி நேரம் பயிலுநர் வேலை நடந்திருக்க வேண்டும். 30,000 டாலருக்குக் குறைவான சிறு குத்தகைகளுக்கு விலக்கு உண்டு. கையெழுத்தான 10 நாளுக்குள் குத்தகையாளர் ‘டிஏஎஸ் 140’ படிவத்தில், எந்த வேலை, எந்தத் தேதி, எத்தனை பயிலுநர் மணி என்று அந்தத் தொழிலின் பயிற்சிக் குழுக்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆள் தேவைப்படும்போது ‘டிஏஎஸ் 142’ படிவத்தில் குறைந்தது 72 மணி நேரம் முன்னதாக எழுத்தில் கேட்க வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாள்கள் இந்த 72 மணியில் சேராது.

தண்டம், இணங்காத ஒவ்வொரு நாளுக்கும் 100 டாலர் வரை. 3 ஆண்டுக்குள் மறுபடி மாட்டி, அதனால் பயிற்சியும் கிடைக்காமல் போயிருந்தால் நாளுக்கு 300 டாலர் வரை. மோசமான மீறல் என்றால் அரசுப் பணிகளில் டெண்டர் போடவே குறிப்பிட்ட காலத்துக்குத் தடை.

அங்கே ஆள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. “இரண்டு பயிலுநர் வைத்திருக்கிறேன்” என்று பெயர்ப் பட்டியல் நீட்டித் தப்பிக்க முடியாது.

செந்தூல்_வயர்மேன்:
மணிக் கணக்கு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, சார். ஆனால் துணைக் குத்தகையாளரின் பேக்கேஜ் 5 மாதத்தில் முடிந்துவிடும். அதற்குள் அந்த விகிதம் வருமா? ஒரு சாதாரண பள்ளிக் கட்டட வயரிங் வேலைக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள், பார்ப்போம்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_எஸ்டிமேட்டர்:
போடலாம். தேர்ந்த வயர்மேன் 6 பேர், நாளுக்கு 8 மணி, மாதம் 22 நாள், 5 மாதம். ஓவர்டைமைக் கணக்கில் எடுக்க வேண்டாம், கலிஃபோர்னியாவிலும் எடுப்பதில்லை.

6 × 8 × 22 × 5 = 5,280 மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கு 1,056 மணி.

பயிலுநர் வாரம் ஒரு நாள் பயிற்சி நிலையத்துக்குப் போவார் என்று வையுங்கள். மாதம் 18 நாள்தான் சைட்டில், அதாவது 144 மணி. 5 மாதத்துக்கு 720. ஒருவர் போதாது. இரண்டு பேர் என்றால் 1,440, தாராளமாக வந்துவிடும். இரண்டாமவர் மூன்றாம் மாதம் சேர்ந்தாலும் 720 + 432 = 1,152, இலக்கைத் தாண்டிவிடும். நான்காம் மாதம் வரை தள்ளிப்போட்டால் 720 + 288 = 1,008, எட்டாது. ஆக, கெடு மூன்றாம் மாத ஆரம்பத்தோடு முடிகிறது. சைட் கூட்டத்தில் இந்த விஷயத்தை எப்போது கிளப்ப வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

பயிற்சி நிலையத்தில் கழியும் நாளைப் பயிலுநர் மணியில் சேர்ப்பதா இல்லையா என்பதை ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால் இறுதிக் கணக்கில் சண்டை வரும். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 1:5 என்பது சைட் வேலையின் விகிதம்.

கோச்_பிறை:
மணி சரி. அந்த மணியில் என்ன நடந்தது? அதையும் எழுதாவிட்டால் எல்லாம் கண்துடைப்பாகிவிடும்.

நம்மிடம் ஏற்கெனவே எஸ்எல்டிஎன் இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையின் (ஜேபிகே) கீழ் 2005இல் தொடங்கிய இரட்டைப் பயிற்சி முறை. 70 முதல் 80% வேலையிடத்தில், 20 முதல் 30% பயிற்சி நிலையத்தில். வாரம் ஒரு நாள் என்றும் போகலாம், சில வாரங்களைச் சேர்த்து ஒரே தொகுதியாகவும் போகலாம். முடித்தால் எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்). குத்தகை நிபந்தனையில் ‘பயிலுநர்’ என்றால் யார் என்று எழுதும்போது இதைச் சேர்த்தே எழுதுங்கள்: எஸ்எல்டிஎன் போல் பதிவான ஒரு பயிற்சித் திட்டத்தில் இருக்கிறவர், எழுத்து ஒப்பந்தம் உள்ளவர், பெயர் சொல்லிக் குறித்த கோச்சின் (சைட்டில் சொல்லித்தரும் தேர்ந்த தொழிலாளி) கீழ் வேலை செய்கிறவர். இந்த மூன்றும் இல்லாமல் விட்டால் சிமெண்டு மூட்டை தூக்குகிற உதவியாளரையே பயிலுநர் என்று காட்டிவிடுவார்கள்.

போலிப் பதிவேட்டைக் கண்டுபிடிப்பது கடினம் இல்லை. மாதம் முழுக்க “கம்பி கட்டும் வேலை, நிலை 2” என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கும். உண்மையான பதிவேட்டில் அளவு இருக்கும். “முதல் மாடி பீம், டி16 அடிக்கம்பி, ஓவர்லேப் 40டி, 640 மிமீ. மூன்று இடத்தில் 600 மட்டும் இருந்தது, கோச் கழற்றச் சொன்னார். கவர் பிளாக் 25 மிமீ.” (40டி என்றால் கம்பி விட்டத்தைப் போல் 40 மடங்கு.) இப்படி எழுதியிருந்தால் அந்தப் பிள்ளை அந்த பீமுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான் என்று நம்பலாம். அன்றைய கம்பிப் பரிசோதனைப் படிவத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். தேதியும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

செங்கல் வேலையிலும் அப்படித்தான். அரைக்கல் சுவர், சதுர மீட்டருக்கு 60 கல், நான்கு வரிசைக்கு ஒருமுறை வலைக்கம்பி. பயிலுநர் இன்று எத்தனை சதுர மீட்டர் கட்டினார், தூக்குநூல் பிடித்துப் பார்த்ததில் எவ்வளவு சாய்ந்திருந்தது என்று இரண்டு வரி போதும். கலவை குழைத்துக் கொடுப்பது முதல் வாரத்துக்குச் சரி. மூன்றாம் மாதமும் அதையே செய்துகொண்டிருந்தால் அங்கே பயிற்சியே நடக்கவில்லை.

ஒரு கோச்சுக்கு எத்தனை பயிலுநர் என்று உச்சவரம்பும் போடுங்கள். சைட்டில் கோச்சும் தன் வேலையைச் செய்துகொண்டேதான் சொல்லித்தர வேண்டியிருக்கும். மூன்று பேருக்கு மேல் போனால் கவனம் சிதறும்.

ஜி3_கெபாலாபத்தாஸ்:
எல்லாரும் விகிதம் பேசுகிறீர்கள், செலவு யார் தலையில்? குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இபிஎஃப் (சேமநிதி) 13% என்றால் 221. சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), இஐஎஸ் (வேலையிழப்புக் காப்பீடு) சேர்த்து முப்பத்துச் சொச்சம். மாதம் 1,954 பக்கம் வருகிறது. பாதுகாப்புக் காலணி, ஹெல்மெட், கைக்கருவி, போக்குவரத்து தனி. கோச்சின் நேரமும் வீணாகும், முதல் இரண்டு மாதம் அவர் வேலை வேகம் குறையும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்றால், யோக்கியமாக இந்தச் செலவைச் சேர்த்து விலை போட்டவன் டெண்டரில் தோற்றுவிடுவான். சேர்க்காதவன் ஜெயித்து, பிறகு செய்யாமல் விட்டுவிடுவான். சின்னக் குத்தகையாளரை இந்த நிலையில் நிறுத்திவிட்டு அமலாக்கம் பேசுவது நியாயமில்லை.

நிபோங்_கியூஎஸ்:
அண்ணே, நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். இழையில் நான் எதிர்பார்த்ததும் இந்தக் கேள்வியைத்தான்.

பிரிலிமினரீஸ் (பொதுச் செலவு) பகுதியில் “பயிலுநர் பயிற்சி: ஒரு தொகை” என்று ஐட்டம் போட்டால் எல்லாரும் “சேர்க்கப்பட்டது” என்று எழுதிவிடுவார்கள், விலை பூஜ்யம். அதனால் அந்தப் பாதையை அடைத்துவிட வேண்டும். புரொவிஷனல் சம் (அரசுத் தரப்பு முன்கூட்டியே ஒதுக்கும் தொகை) ஆகப் போடுங்கள். அலகு ‘பயிலுநர்-மணி’. அளவையும் விலையையும் அரசுத் தரப்பே நிரப்பித் தரட்டும். மேலே போட்ட உதாரணத்தில் 1,056 மணி. 1,954ஐ 144ஆல் வகுத்தால் மணிக்கு 13.57 ரிங்கிட். கருவி, காலணி, கோச் நேரம் சேர்த்து 16 ரிங்கிட் என்று வைத்தால் 16,896 ரிங்கிட். எல்லா டெண்டர்காரர்களுக்கும் ஒரே தொகைதான், விலைப் போட்டியில் இது வராது. சரிபார்த்த மணிக்கு மட்டும் பணம். செய்யாத மணிக்கான பணம் அரசாங்கத்திடமே தங்கிவிடும்.

ஜி1, ஜி2 (சிஐடிபி தரவரிசையில் மிகச் சிறிய குத்தகையாளர்கள்) வேலைகளுக்கு இந்த நிபந்தனையே வேண்டாம் என்பது என் எண்ணம். இரண்டு மாத வேலையில் எந்தத் தொழிலையும் கற்றுத்தர முடியாது.

ஜி3_கெபாலாபத்தாஸ்:
இப்படி என்றால் எதிர்ப்பு இல்லை. ஆனால் 16,896 ரிங்கிட் மிக உயர்ந்த தரமான ஜி7 கம்பெனிக்குப் பொருட்டே இல்லை. “எனக்கு அந்தப் பணமும் வேண்டாம், அந்தத் தொல்லையும் வேண்டாம்” என்று விட்டுவிடுவார்கள்.

ஒப்பந்தவிதி_கேஎல்:
அதனால்தான் கொடுப்பதோடு நிற்காமல் பிடித்தமும் வேண்டும். ஆனால் பிடித்தத்தைக் கவனமாக எழுத வேண்டும். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தப்புகிறார்கள்.

முதலில், தாமதத்துக்கான இழப்பீடான எல்ஏடியை இதற்குப் பயன்படுத்த முடியாது. அது வேலை முடியும் தேதியோடு கட்டுண்டது. பயிலுநர் மணி குறைந்தால் அதற்கென்று தனிக் கழிவு விகிதம் ஆவணத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தொகை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு நியாயமான ஈட்டைத்தான் அனுமதிக்கிறது. க்யூபிக் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, உண்மையான இழப்பை நிரூபித்தே ஆக வேண்டும் என்பது இல்லை. ஆனால் தொகை அளவுக்கு மீறியிருக்கக் கூடாது. மணிக்கு 16 ரிங்கிட் செலவு என்று கணக்குப் போட்ட ஆவணத்தில் கழிவு மணிக்கு 200 என்று எழுதினால் நிற்காது. அதே 16ஐயோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வையுங்கள். அந்தப் பயிற்சியை அரசாங்கம் வேறு வழியில் ஏற்பாடு செய்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் கோப்பில் வையுங்கள்.

பணத்தை நிறுத்திவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணத்தில் இடம் இல்லாமல் இன்டெரிம் சான்றிதழில் (இடைக்காலப் பணச் சான்று) கை வைத்தால் குத்தகையாளர் 2012ஆம் ஆண்டு சிபா சட்டத்தின் (கட்டுமானப் பணப் பாக்கித் தகராறுகளுக்கான சட்டம்) கீழ் போவார். பணக் கோரிக்கை வந்தால் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். “பயிலுநர் வைக்கவில்லை, அதனால் நிறுத்தினோம்” என்ற பதிலுக்குப் பின்னால் ஒரு விதி எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோற்பீர்கள்.

அரசாங்கக் கட்டுமான ஒப்பந்தத்தின் நிலையான படிவமான 203ஏயின் பொது நிபந்தனைகளை அடித்துத் திருத்த முயலாதீர்கள். தனி நிபந்தனையாகச் சேருங்கள், டெண்டர் அழைக்கும் முன்பே சட்டப் பிரிவின் ஒப்புதலை வாங்கிவிடுங்கள். ஊதியப் புத்தகமும் நேரப் பதிவும் வைத்திருந்து எஸ்.ஓ. கேட்டால் காட்ட வேண்டும் என்ற கடமை குத்தகையாளருக்கு ஏற்கெனவே உண்டு. புது விதியை அதோடு இணைத்து எழுதினால் சரிபார்ப்புக்கான அதிகாரமும் கையோடு வந்துவிடும்.

அந்த ஜி7 கேள்விக்கு: பணத்தைவிட அவர்களைத் தொடுவது மதிப்பீட்டு அறிக்கைதான். வேலை முடிவில் எழுதும் குத்தகையாளர் செயல்திறன் அறிக்கையில் பயிலுநர் மணி இலக்கும் அடைந்த மணியும் இரண்டு எண்களாக இருக்கட்டும். அடுத்த டெண்டரின் தொழில்நுட்ப மதிப்பீட்டில் அந்த எண்ணுக்குப் புள்ளி கொடுங்கள்.

செந்தூல்_வயர்மேன்:
அக்கா, ஒரு சந்தேகம். கேட்டும் பயிலுநர் கிடைக்கவில்லை என்றால்? கோலாலம்பூரில் பையன்கள் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கும் எங்கள் பணத்தைக் கழிப்பீர்களா?

ஒப்பந்தவிதி_கேஎல்:
கழிக்கக் கூடாது, தம்பி. கலிஃபோர்னியாவின் 72 மணிப் படிவம் அதற்காகத்தான். முறையாகக் கேட்டும் குழு ஆள் அனுப்பவில்லையென்றால் குத்தகையாளர் மேல் குற்றம் இல்லை. நாமும் அப்படியே எழுதலாம். மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் போட்ட பதிவு, இரண்டு பயிற்சி நிலையங்களுக்கு எழுதிய கடிதம், அவற்றின் பதில் அல்லது பதில் வரவில்லை என்பதற்கான குறிப்பு. மூன்றும் வேலை தொடங்கும் முன்பான தேதியில் இருக்க வேண்டும். கடைசி மாதத்தில் அவசரமாகப் போட்ட விளம்பரம் செல்லாது. சம்பளமும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். யாருமே வர முடியாத சம்பளத்தைப் போட்டுவிட்டு “ஆள் இல்லை” என்று சொல்ல விடக் கூடாது.

நிபோங்_கியூஎஸ்:
இப்போது சரிபார்ப்பு. மாதா மாதம் நான்கு காகிதங்கள், ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

கோச் கையெழுத்திட்ட மணிப் பதிவு முதலாவது. அடுத்தது, சைட் வாசல் வருகைப் பதிவும் டூல்பாக்ஸ் கூட்டக் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) கையெழுத்தும். மூன்றாவது, இபிஎஃப், சொக்சோ கட்டிய பட்டியல். இந்த இரண்டு சட்டங்களிலும் பயிலுநர் ஒப்பந்தத்தில் இருப்பவரும் தொழிலாளிதான், “பையன் இன்னும் கற்றுக்கொள்கிறான், அதனால் கட்டவில்லை” என்பது செல்லாது. நான்காவது, பயிற்சி நிலைய வருகைச் சான்று.

ஒரு சிக்கல் உண்டு. இபிஎஃப், சொக்சோ இரண்டும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள்தான் கட்ட வேண்டும். ஏப்ரல் கடைசியில் வேல்யுவேஷன் (மாத வேலை மதிப்பீடு) போனால் ஏப்ரல் மாதக் கட்டணச் சான்று அப்போது இருக்காது. அதனால் ஏப்ரல் சான்றிதழில் மார்ச் மாதப் பயிலுநர் மணியைத்தான் சேர்க்க வேண்டும். ஒரு மாதம் பின்தங்கியே போகும். இதை ஆவணத்தில் எழுதாவிட்டால், ஒவ்வொரு மாதமும் “காகிதம் வரவில்லை” என்று அரசுத் தரப்பின் சைட் மேற்பார்வையாளரான க்ளெர்க் ஆஃப் வொர்க்ஸும் குத்தகையாளரும் மல்லுக்கு நிற்பார்கள்.

ஒரே பயிலுநரை மூன்று சைட்டில் காட்டும் வேலையும் இதில் பிடிபடும். ஒரே அடையாள அட்டை எண், ஒரே நாள், இரண்டு வாசல் பதிவு. ஆனால் ஒரே துறையின் சைட்டுகளாவது பட்டியலை ஒரே இடத்துக்கு அனுப்பினால்தான் அது தெரியும்.

கோச்_பிறை:
கூடவே, மாதம் ஒருமுறை எஸ்.ஓ.வின் ஆள் முன்னறிவிப்பு இல்லாமல் போய், பயிலுநரிடம் நேரில் 10 நிமிடம் பேசட்டும். “இந்த டிபியில் ஆர்சிசிபியை ஏன் சோதிக்க வேண்டும்?” (மின் விநியோகப் பெட்டியில், கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

ஜி3_கெபாலாபத்தாஸ்:
யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். கம்பி, பலகை, கொத்து, பூச்சு வேலை எல்லாம் கெப்பாலா (கூலி ஆட்களின் தலைவர்) கையில் இருக்கிறது. மெயின் கான்ட்ராக்டர் துணைக் குத்தகையாளருக்குக் கொடுப்பார், அவர் கெப்பாலாவுக்கு, கெப்பாலா சதுர மீட்டர் கணக்கில் கூலி பேசி வெளிநாட்டு ஆட்களை இறக்குவார். அந்த மூன்றாம் தட்டில் முதலாளி என்று பிடிக்க யாருமே இல்லை. சதுர மீட்டர் கூலிக்கு வேலை செய்கிறவர் பயிலுநரைப் பக்கத்தில் விடவே மாட்டார், அவருடைய அன்றாட வருமானம் குறையும். மணிக் கணக்கும் அங்கே கிடையாது, 5,280 மணி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸ்_எஸ்டிமேட்டர்:
அண்ணன் சொல்வது இந்தத் திட்டத்தின் மிக பலவீனமான இடம். இரண்டு வழி தெரிகிறது.

கடமை மெயின் கான்ட்ராக்டர் மேலேயே நிற்கட்டும். துணைக் குத்தகை ஒப்பந்தங்களில் அதே நிபந்தனையை அவர் எழுத வேண்டும், அந்தப் பக்கத்தின் நகலை எஸ்.ஓ.விடம் கொடுக்க வேண்டும். கீழே யார் தவறினாலும் கழிவு மேலே இருப்பவரின் சான்றிதழில். அப்போது அவரே கீழே பார்த்துக்கொள்வார்.

சதுர மீட்டர் கூலி வேலைகளுக்கு, செய்த வேலையின் அளவிலிருந்து மணியை மதிப்பிட்டு டெண்டரிலேயே இலக்கை எண்ணாக எழுதிவிடுங்கள். “விகிதம் 1:5” என்று விடாமல் “கொத்து வேலை: 600 பயிலுநர்-மணி” என்று போடுங்கள். அங்கே பயிலுநருக்குக் கெப்பாலா சம்பளம் கொடுக்கக் கூடாது, மெயின் கான்ட்ராக்டரின் சம்பளப் பட்டியலில்தான் இருக்க வேண்டும். கெப்பாலாவின் ஆளில் ஒரு நல்ல கொத்தருக்குப் பயிற்றுப்படியைத் தனியாகக் கொடுத்தால் அவரும் மனம் வைத்துக் கற்றுத்தருவார். அந்தப் படியையும் மணி விலையிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பதால் கொத்து வேலைக்கு அந்த விலையை 16 ரிங்கிட்டுக்கு மேல் சற்று உயர்த்துங்கள்.

செந்தூல்_வயர்மேன்:
5 மாத வேலை முடிந்ததும் அந்தப் பையன் எங்கே போவான்? 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தப்படி பயிலுநர் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம், அதிகம் 24 மாதம். 5 மாத பேக்கேஜுக்கு 6 மாத ஒப்பந்தம் எப்படிப் போடுவது?

கோச்_பிறை:
ஒப்பந்தத்தைக் கம்பெனியோடு போடுங்கள், புராஜெக்டோடு கட்டாதீர்கள். பள்ளி வயரிங் முடிந்தால் அடுத்து கிளினிக். கம்பெனிக்கு அடுத்த வேலை இல்லையென்றால்தான் சிக்கல். கலிஃபோர்னியாவில் பயிலுநர் பயிற்சிக் குழுவின் திட்டத்தில் இருப்பார், குத்தகையாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். இங்கேயும் டீயாம் போன்ற ஒரு மின்தொழில் சங்கமோ, மாஸ்டர் பில்டர்ஸ் சங்கமோ, மாநில அரசின் நிறுவனம் ஒன்றோ முதலாளியாக இருந்து, 18 மாத ஒப்பந்தம் போட்டு, சைட்டுக்கு சைட் அனுப்பலாம். மணிக்கு 16 ரிங்கிட் அந்த அமைப்புக்குப் போகும். இபிஎஃப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கும், போலிப் பெயர் பிரச்சினையும் பாதி தீரும்.

நிபோங்_கியூஎஸ்:
இதில் சைட் பாதுகாப்புப் பொறுப்பு யாருக்கு என்று எழுத்தில் பிரித்துக்கொள்ள வேண்டும். அனுப்பிய அமைப்புக்குச் சம்பளமும் சொக்சோவும், சைட்டை நடத்துகிறவருக்கு அன்றாடப் பாதுகாப்பு. சிஐடிபி பச்சை அட்டை (கட்டுமானப் பணியாளர் பதிவு அட்டை) இல்லாமல் முதல் நாளே உள்ளே விடக் கூடாது.

ஜி3_கெபாலாபத்தாஸ்:
எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த கையோடு வரும் 17 வயதுப் பிள்ளைகள்?

ஒப்பந்தவிதி_கேஎல்:
18 நிறையாதவர்களை ஆபத்தான வேலையில் வைக்க 1966ஆம் ஆண்டு இளம்வயதினர் வேலைச் சட்டம் இடம் தராது. சாரம் ஏறுவது, உயிருள்ள மின்சுற்றில் கை வைப்பது எல்லாம் கூடாது. 18 ஆகும் வரை நிலையப் பயிற்சியைத் தொகுதியாக முதலில் முடித்துவிட்டு, பிறகு சைட்டுக்கு வருவது நல்லது.

நிபோங்_கியூஎஸ்:
கடைசியாக இறுதிக் கணக்கு. வேலை ஒப்படைப்புச் சான்றிதழ் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மொத்தப் பயிலுநர் மணி அட்டவணை, ஒவ்வொரு பயிலுநரின் பதிவேட்டில் கோச்சின் இறுதிக் கையெழுத்து, பதிவேட்டின் மூலப் பிரதி பயிலுநர் கைக்கே போய்ச் சேர்ந்ததற்கு அவர் போட்ட கையெழுத்து. மூலம் கம்பெனி அலமாரியில் தங்கிவிட்டால் அடுத்த முதலாளியிடம் அந்தப் பிள்ளை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எஸ்கேஎம் மதிப்பீட்டுக்கும் அந்த மூலப் பிரதிதான் வேண்டும்.

தனி நிபந்தனையின் மாதிரி வரைவை மலாயில் எழுதுகிறேன். பள்ளி வயரிங், கொத்து என்று இரண்டு தொழிலுக்கு மட்டும் இலக்கு எண் போடுகிறேன். அக்கா, கழிவு விதியை மட்டும் ஒருமுறை பார்த்துத் தாருங்கள்.

ஒப்பந்தவிதி_கேஎல்:
அனுப்புங்கள். “ஆள் கிடைக்கவில்லை” என்ற விலக்கைக் கழிவு விதிக்குள்ளேயே ஓர் உட்பிரிவாக வையுங்கள், தனி விதியாகப் பிரிக்காதீர்கள்.